மஸ்கி மீனுக்குக் கனமான லூர் (செயற்கை இரை) வீச எந்தத் தூண்டில் தடி நல்லது?

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். கோடையில் மகனோடு கவார்த்தா ஏரிகளுக்கு மஸ்கி பிடிக்கப் போவேன்.

இவ்வளவு காலமும் 7 அடித் தடிதான். அதில் 4 அவுன்ஸ் வரை வீசலாம் என்று எழுதியிருக்கிறது. போன மாதம் ஆசைப்பட்டு 8 அவுன்ஸ் ரப்பர் லூர் ஒன்றைக் கட்டி ஒரு நாள் முழுக்க வீசினேன். வீட்டுக்கு வந்து துடைக்கும்போது, நுனியிலிருந்து மூன்றாவது நூல் வளையத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு கீறல். நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. பழகிய தடி, மனம் கேட்கவில்லை.

இப்போது 9 அடியா, ஒன்பதரையா என்று குழப்பம். படகுக்குப் பக்கத்தில் லூரைத் தண்ணீருக்குள் எட்டுப் போல சுற்றும்போது நீளத் தடியில் வளைவு அகலமாக வரும், பின்னால் வரும் மீனும் திரும்பிக் கடிக்கும். அதனால் எனக்கு நீளம்தான் பிடிக்கிறது. ஆனால் மாலையாகும்போது மணிக்கட்டு தாங்குமா? 3 முதல் 8 அவுன்ஸ் வரை வீசும் தடி போதுமா, இல்லை அதைவிடக் கனமானதா?

இன்னொன்று, ஒரே துண்டாக 9 அடி என் காருக்குள் அடங்காது. கைப்பிடிக்குள் இறங்கிக் குறுகும் தடிகளைப் பாவித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கொஞ்ச நாளில் அந்த மூட்டு ஆடத் தொடங்குமா?

றீல் (நூல் சுற்றும் உருளை) 400 அளவு, 80 பவுண்ட் தாங்கும் பின்னல் நூல். 300 டொலருக்குள் பார்க்கிறேன்.