வெள்ளச் சமவெளி மண்ணையும் புல்வெளி மண்ணையும் மாடல் குழப்புகிறது, உதவி வேண்டும்

புதுக்குழி:
வணக்கம். ஆற்றோரத்து மண் குழிகளின் ஆய்வக அளவுகளை வைத்து, எது வெள்ளச் சமவெளி மண், எது அதற்குச் சற்று மேட்டில் இருக்கும் புல்வெளி மண் என்று பிரிக்க டிஸ்கிரிமினன்ட் அனாலிசிஸ் (அளவுகளை வைத்து வகை பிரிக்கும் புள்ளியியல் முறை) ஓட்டுகிறேன். மணல், வண்டல், களி சதவீதங்கள், கரிமக் கார்பன், பிஎச், சுண்ணாம்பு, இடத்தின் உயரம், இவைதான் மாறிகள். குழியின் ஒவ்வொரு மண் அடுக்கும் தரவில் ஒரு வரிசை. குறுக்குச் சரிபார்ப்பில் (தரவில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்துச் சோதிப்பதில்) 90 சதவீதத்துக்கு மேல் சரியாக வருகிறது. ஆனால் அதே ஆற்றில் இன்னும் கீழே எடுத்த குழிகளைக் கொடுத்தால் பாதிக்குப் பாதி தப்பு. மாறிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்று எச்சரிக்கை வேறு. பேசாமல் ரேண்டம் ஃபாரஸ்டுக்கு (பல முடிவு மரங்களைச் சேர்த்து வகை பிரிக்கும் முறை) மாறிவிடலாமா?

களிமண்:
மாறினாலும் இதே கதைதான். ஒரே குழியின் மேலடுக்கு பயிற்சியிலும் அடுத்த அடுக்கு சோதனையிலும் போய் உட்கார்ந்தால் மாடல் மண்வகையைக் கற்கவில்லை, அந்தக் குழியை அடையாளம் கண்டுகொள்கிறது, அவ்வளவுதான். குழி எண்ணைக் குழுவாகக் கொடுத்து முழுக் குழியாக வெளியே எடுத்துச் சரிபாருங்கள். 90 கீழே இறங்கும், பயப்படாதீர்கள், உண்மையான எண் அதுதான்.

எச்சரிக்கைக்குக் காரணம் எளிது. மணல், வண்டல், களி மூன்றும் கூடினால் 100, இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். ஒன்றை விட்டுவிடுங்கள், அல்லது விகிதங்களின் மடக்கையை எடுங்கள் (எங்காவது மணல் பூஜ்யமாக இருந்தால் மடக்கை உடையும், அதற்கு ஒரு சிறிய மதிப்பு போட வேண்டும்).

மேட்டுநிலம்:
உயரம் என்றால் எந்த உயரம்? கடல் மட்டத்திலிருந்தா?

புதுக்குழி:
ஆமாம் சார், நிலத்தின் உயரங்களைத் தரும் டிஜிட்டல் உயர மாடலில் இருந்து அப்படியே எடுத்தது.

மேட்டுநிலம்:
அப்படியென்றால் பாதி வினை அங்கேதான். ஆறு கீழே போகப் போக கடல்மட்ட உயரம் குறையும், அதனால் கீழ்ப்பக்கத்து மேட்டு நிலமும் உங்கள் மாடலுக்கு வெள்ளம் வரும் இடமாகத்தான் தெரியும். பக்கத்து ஆற்று நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே என்று கணக்கிட்டுக் கொடுங்கள்.

அப்புறம், அடுக்கை வகைப்படுத்தாதீர்கள், குழியை வகைப்படுத்துங்கள். வெள்ளம் ஒவ்வொரு முறையும் புதுப் படிவைக் கொட்டி பழைய மேற்பரப்பை மூடிவிடுகிறது, ஆகவே கரிமக் கார்பன் ஆழத்தில் இறங்கி, மறுபடி ஏறி, ஒழுங்கில்லாமல் போகும். புல்வெளி மண்ணில் வேர்கள் மேலிருந்து மட்கைச் சேர்ப்பதால் பெரும்பாலும் சீராகக் குறையும். அமெரிக்க மண் வகைப்பாட்டில் ஃப்ளூவென்ட் மண்ணுக்கு (ஆற்றுப் படிவில் உருவான இளம் மண்) வைத்திருக்கும் அளவுகோலே இதுதான்: கார்பன் ஒழுங்கற்றுக் குறைய வேண்டும், அல்லது 125 செ.மீ. ஆழத்தில் 0.2 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் ஆழத்தோடு சீராகக் குறையும் ஒரு அடுக்குக்குறி (எக்ஸ்பொனென்ஷியல்) வளைவைக் கார்பன் அளவுகளுக்குப் பொருத்தி, அதிலிருந்து அளவுகள் எவ்வளவு விலகுகின்றன என்பதை ஒரு மாறியாகப் போடுங்கள். களி சதவீதத்துக்கும் அடுத்தடுத்த அடுக்குகளின் வித்தியாசத்தை எடுக்கலாம்.

புதுக்குழி:
குழிவாரியாகச் சரிபார்த்ததில் எண் நன்றாகவே விழுந்தது. உயரத்தை மாற்றி, கார்பன் விலகலையும் சேர்த்ததும் கீழ்ப்பக்கத்துக் குழிகள் பெரும்பாலும் சரியாகிவிட்டன. மிச்சம் இருப்பவை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. நீர் தேங்கிய சாம்பல் நிறத்தையும் மாறியாகச் சேர்க்கட்டுமா?

களிமண்:
இந்த இரண்டைப் பிரிக்க அது அவ்வளவு உதவாது. புல்வெளி மண்ணில் நிலத்தடி நீர் கீழிருந்து ஏறி நனைக்கிறது, வெள்ளச் சமவெளியில் அதோடு மேலிருந்தும் தண்ணீர் வருகிறது. இரண்டிலும் காற்றில்லாமல் இரும்பு வேதியியல் ஒடுக்கம் அடைவதால் இரண்டிலும் சாம்பல் நிறம் வரும். அது எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பதை வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

நடுவில் நிற்பவற்றை வலுக்கட்டாயமாக ஒரு பக்கம் தள்ளாதீர்கள், வெள்ளம் எப்போதாவது மட்டும் எட்டும் இடத்து மண் நிஜத்திலேயே இடைப்பட்டதுதான். நிகழ்தகவை வரைபடத்தில் அப்படியே காட்டுங்கள். ஒன்று பாருங்கள், நிரல் முன்நிகழ்தகவை (அளவுகளைப் பார்க்கும் முன்பே ஒரு வகைக்குத் தரும் வாய்ப்பை) பயிற்சித் தரவின் எண்ணிக்கையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வெள்ளச் சமவெளியில் அதிகக் குழி தோண்டியிருந்தால் சந்தேகமான குழியெல்லாம் அந்தப் பக்கமே சாயும், அதை நீங்களே மாற்றிக் கொடுங்கள்.