விண்மீனிடை ஒளித்தேய்வு: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

விண்மீன் ஒளி நம்மை வந்தடையும் வழியில் தூசால் குறைந்துபோவதை ஆங்கிலத்தில் 'எக்ஸ்டிங்ஷன்' என்கிறார்கள்; அதற்குத் தமிழில் 'ஒளி உட்கவர்தல்' போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் தூசு ஒளியை விழுங்குவதோடு நிற்பதில்லை; கணிசமான பங்கைத் திசைதிருப்பிச் சிதறடிக்கவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் நமக்கு நேரும் இழப்பு. 'உட்கவர்தல்' என்றால் சிதறல் விடுபட்டுப்போகும். 'அற்றுப்போதல்' உயிரினங்களுக்கு உரியது. 'மறைப்பு' என்ற சொல்லையோ, நிலா ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

'ஒளித்தேய்வு' என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. பால்வழியின் மையத்திலிருந்து கிளம்பும் கட்புல ஒளியில், ஏறத்தாழ லட்சம் கோடி ஒளித்துகள்களுக்கு ஒன்றுதான் நம்மிடம் வந்து சேர்கிறது. அங்கிருந்தே வரும் 2.2 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியிலோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தப்பிவிடுகிறது. மையக் கருந்துளையைச் சுற்றும் விண்மீன்களை வானியலாளர்கள் அகச்சிவப்பில் பின்தொடர்ந்ததற்கு இதுவே காரணம். வழிநெடுகச் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருவதைத் 'தேய்வு' கச்சிதமாகச் சொல்கிறது. நிலவுக்குத் 'தேய்பிறை' தனிச்சொல்லாக நிலைத்துவிட்டதால் மோதலும் இல்லை.

தூசைக் கடந்துவரும் ஒளி சிவந்து தெரிவதைக் குறிக்கும் 'செம்மையேற்றம்' என்ற சொல்லுக்கும் என் மறுப்பு உண்டு. அங்கே சிவப்பு ஏறுவதே இல்லை. நீலம் கூடுதலாகத் தேய்ந்துபோவதால் எஞ்சும் ஒளி சிவந்து தெரிகிறது, அவ்வளவுதான். மாணவர்கள் இதைச் 'செம்பெயர்ச்சி'யோடு குழப்பிக்கொள்ளவும் கூடும். விண்பொருள் விலகிச் செல்வது போன்ற காரணங்களால் நேரும் செம்பெயர்ச்சியில், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும்போது தெரியும் நிறமாலைக் கோடுகளே இடம் மாறும். இதில் கோடுகள் இருந்த இடத்திலேயே நிற்க, நீலப் பக்கம் அதிகமாக மங்கும். 'நீலத்தேய்வு' என்றால் காரணமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடும்.

விண்மீன்களுக்கு இடையே உள்ள வளிமத்தின் (வாயுவின்) வேலை வேறு. அது தனக்குரிய அலைநீளங்களில் மட்டும் ஒளியை உட்கவர்ந்து, நிறமாலையில் மெல்லிய கோடுகளாகக் கீறிவைக்கிறது. 1904இல் ஜெர்மானிய வானியலாளர் ஹார்ட்மன், ஓரியன் விண்மீன்குழுவின் இடைக்கச்சையில் உள்ள மிண்டாக்கா என்ற விண்மீனை ஆராய்ந்தார். அது ஒன்றையொன்று சுற்றும் விண்மீன்களின் கூட்டம் என்பதால் அதன் கோடுகள் முன்னும் பின்னும் ஆடின. கால்சியத்தின் கோடு ஒன்று மட்டும் அந்த ஆட்டத்தில் சேரவில்லை. அந்தக் கோட்டை இட்டது விண்மீன் அன்று, வழியிலிருந்த வளிமம். இத்தகைய கோட்டை 'இடைவளிமக் கோடு' எனலாமா? நிறமாலையோடு அன்றாடம் பழகுபவர்கள் இதைவிடச் சுருக்கமான சொல் தந்தால், மற்ற இரண்டோடு அதையும் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.