பிடிஎஃப் காட்டியில் "மிளகு" கிடைக்கிறது, "சேலம்" கிடைக்கவில்லை: தேடலைச் சீராக்க உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டு மலைக் காப்பித் தோட்டக்காரர்கள் சிலருடைய பயன்பாட்டிற்காக, ஃபயர்ஃபாக்சிலும் குரோமிலும் இயங்கும் ஆவணக் காட்டி நீட்சி ஒன்றைச் சேலத்திலிருந்து பராமரித்து வருகிறேன். உள்ளே இயங்குவது பிடிஎஃப் கோப்பை உலாவியிலேயே வரைந்து காட்டும் பிடிஎஃப்.ஜேஎஸ் என்னும் நிரலகம்தான், தமிழ் இடைமுகமும் பெரிய எழுத்தும் மட்டுமே நான் சேர்த்தவை. விலைப்பட்டியல், பூச்சி மேலாண்மைக் குறிப்பு, பழைய கூட்ட அறிக்கை ஆகியவற்றையே அவர்கள் பெரும்பாலும் திறக்கிறார்கள்.

ஒரே கோப்பில் "மிளகு", "காப்பி", "ஏற்காடு" ஆகிய சொற்களைத் தேடினால் உடனே கிடைக்கின்றன. "சேலம்", "விலை", "தோட்டம்", "காய்த்துளைப்பான்" ஆகியவற்றைத் தேடினால், அவை பக்கத்தில் கண்ணெதிரே தெரிந்தாலும் ஒன்றுமில்லை என்றே விடை வருகிறது. "சேலம்" என்பதை நகலெடுத்து ஒட்டினால் "ேசலம்" என்று விழுகிறது. இத்துடன் இன்னொரு குறை: நாகலூர்ப் பக்கம் கைப்பேசி இணைப்பு மெதுவாக இருப்பதால், பெரிய கோப்புகளில் முதல் பக்கம் தெரிவதற்கே நெடுநேரம் ஆகிறது. இவற்றை நீட்சிக்குள்ளேயே சரிசெய்ய வழி உண்டா? அல்லது உலாவிக்கெனத் தனியாகச் செருகுநிரல் எழுத வேண்டுமா?

மறுமொழி 1

ஐயா, செருகுநிரலை மறந்துவிடுங்கள். பழைய என்பிஏபிஐ வகைச் செருகுநிரல்களைக் குரோம் 2015 செப்டம்பரில் முற்றாக நீக்கியது. ஃபயர்ஃபாக்சும் 2017 மார்ச்சில் ஃபிளாஷ் ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நிறுத்தி, 2021 ஜனவரியில் அதையும் எடுத்துவிட்டது. நீட்சிதான் சரியான இடம்.

நீங்கள் தந்த சொற்களிலேயே விடை இருக்கிறது. கிடைக்காத சொல் ஒவ்வொன்றிலும் ஒற்றைக்கொம்போ (ெ) இரட்டைக்கொம்போ (ே) ஐகாரக் குறியோ (ை) இருக்கிறது; மூன்றையும் இனிக் கொம்பு என்றே சொல்கிறேன். கிடைக்கும் சொற்களில் இவை எதுவும் இல்லை. பிடிஎஃப் கோப்பு எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எழுத்துருவின் வடிவங்களை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்பதையே சேமிக்கிறது. யூனிகோடில் மெய்யெழுத்து முன்னும் கொம்பு பின்னுமாக இருப்பது, வரையும்போது இடப்பக்கம் போய்விடுகிறது. பிறகு ஒவ்வொரு வடிவத்திற்கும் உரிய எழுத்தைச் சொல்லும் அட்டவணையைக் கொண்டு காட்டி உரையைத் திரும்ப எடுக்கும்போது, கண்ணுக்குத் தெரிந்த வரிசையே கிடைக்கிறது. உண்மையான எழுத்து வரிசையைத் தனியாகக் குறித்து வைக்கத் தரநிலையில் இடமுண்டு. உங்கள் கோப்பை உருவாக்கிய மென்பொருள் அதைச் செய்யவில்லை என்று தெரிகிறது.

ஆகவே, பக்கத்தின் உரை கைக்கு வந்தவுடன், தேடல் பகுதிக்கும் உரை அடுக்கிற்கும் போகும் முன்பே, கொம்பை அடுத்துள்ள மெய்க்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். உரை அடுக்கு என்பது படத்தின்மேல் ஒளிபுகும்படி கிடக்கும் எழுத்து மட்டுமே என்பதால், பார்வைக்கு எதுவும் மாறாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஆனால் எல்லாக் கோப்புகளும் இப்படி இல்லை. சிலவற்றில் "சேலம்" ஒழுங்காகக் கிடைக்கிறது. எல்லாவற்றிலும் கொம்பைத் தள்ளினால் நல்ல கோப்புகள் கெட்டுவிடாதா? சொல்லைப் பார்த்தே முடிவு செய்ய இயலுமா?

மறுமொழி 2

சொல்லைப் பார்த்து முடிவு செய்ய இயலாது, நண்பரே. "விலை" என்பது "விைல" என்று வந்தால், இகரக் குறிக்குப் பின் ஐகாரக் குறி நிற்பதால் பிழை என்று உடனே தெரியும். "மலை" என்பதோ "மைல" என்று வரும். அதில் எழுத்து முறைக்கு மாறானது எதுவும் இல்லை, இயந்திரம் அதை நல்ல சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். ஆகையால் முடிவை எழுத்துருவின் அளவில் எடுங்கள். பிடிஎஃப்.ஜேஎஸ் தரும் ஒவ்வோர் உரைத் துண்டிலும் எழுத்துரு அடையாளம் உண்டு. ஓர் எழுத்துருவில், சொல்லின் தொடக்கத்திலோ வேறொரு உயிர்க்குறிக்குப் பின்னோ கொம்பு நிற்பது தெரிந்தால், அந்த எழுத்துருவின் உரை முழுவதையும் காட்சி வரிசை என்று குறித்து மாற்றுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். ஒரே கோப்பில் தலைப்பு ஒரு விதமாகவும் உடல்பகுதி வேறு விதமாகவும் இருப்பது வழக்கம்தான்.

இங்கே மூன்று இடங்களில் கவனம் தேவை. கொம்பு ஒரு துண்டிலும் மெய் அடுத்த துண்டிலும் விழலாம். அப்போது துண்டுகளை ஒட்டி, வரிசையை மாற்றி, பழைய நீளத்திலேயே மீண்டும் வெட்டுங்கள். "க்ஷேத்திரம்" போன்ற சொல்லில் கொம்பு ககரத்தோடு நின்றுவிடாமல் க்ஷ முழுவதையும் தாண்ட வேண்டும். மூன்றாவதுதான் பலரைச் சுற்றலில் விடுவது. "தோ" என்பதைக் காட்சி வரிசையிலிருந்து திருப்பினால் தகரம், இரட்டைக்கொம்பு, கால் என மூன்று குறிகளாக வரும். விசைப்பலகையில் அடிப்பவரோ தகரமும் ஓகாரக் குறியுமாக இரண்டே குறிகளை அனுப்புகிறார். உரையை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்திற்குச் சுருக்கினால் தேடல் பலிக்கும். ஆனால் நீளம் குறைந்துவிடுவதால் மஞ்சள் அடையாளம் ஒவ்வோர் ஓகாரத்திற்கும் ஓர் இடம் நகர்ந்து, வரியின் கடைசியில் வேறு சொல்லின்மேல் போய் நிற்கும். உரையைத் தொடாமல், தேடுசொல்லில் ஒகர, ஓகார, ஔகாரக் குறி வரும் இடங்களில் இரு வடிவத்தையும் ஏற்கும் தேடுகோவையாக (ரெகெக்ஸ்) மாற்றிக்கொள்வதே என் அனுபவத்தில் நல்லது.

வேகம் பற்றி: பிடிஎஃப்பின் பொருளடக்க அட்டவணை பொதுவாகக் கோப்பின் கடைசியில் இருக்கும். கோப்பை அனுப்பும் வழங்கி (சர்வர்) பகுதி பகுதியாகத் தர மறுத்தால், காட்டி முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வழங்கியின் விடை எண் 206 (பகுதி மட்டும்) ஆக வருகிறதா, 200 (முழுக் கோப்பு) ஆகவே வருகிறதா என்று பாருங்கள். பிடிஎஃப்பை ஜிசிப் முறையில் சுருக்கி அனுப்பும் அமைப்பு இருந்தால் நிறுத்துங்கள். அது இருந்தால் பிடிஎஃப்.ஜேஎஸ் கோப்பைப் பகுதியாகக் கேட்காது. கோப்புகள் உங்கள் கையில் இருப்பவை என்றால், கியூபிடிஎஃப் கருவியால் நேர்கோட்டு வடிவத்திற்கு மாற்றிவிடுங்கள். முதல் பக்கத்திற்கு வேண்டியவை கோப்பின் முன்பகுதிக்கு வந்துவிடும். அதன்பின் பிடிஎஃப்.ஜேஎஸ் அமைப்பில் தானியங்கி முன்னெடுப்பையும் (disableAutoFetch) ஓட்ட முறையையும் (disableStream) அணைத்தால், பார்க்கும் பக்கத்திற்குரிய பகுதிகள் மட்டும் 64 கிலோபைட் துண்டுகளாக இறங்கும். அளந்து வாங்கும் தரவுத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கேள்வி கேட்டவர்

வழங்கி 200 தான் அனுப்பிக்கொண்டிருந்தது; ஜிசிப்பே காரணம். அதை நிறுத்தியபின் நாகலூரில் முதல் பக்கம் தாமதமின்றி வருகிறது. எழுத்துரு வாரியாக வரிசை மாற்றியதில் "சேலம்", "விலை", "தோட்டம்" மூன்றும் கிடைக்கின்றன, மஞ்சள் அடையாளமும் நகரவில்லை.

மிஞ்சியிருப்பது ஒரு வகைக் கோப்பு மட்டுமே. அதில் திரையில் தமிழ் நன்றாகத் தெரிகிறது. நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாக வருகிறது. ஒரே மாற்று அட்டவணையை எல்லாவற்றிற்கும் போட்டுப் பார்த்ததில் சில கோப்புகள் சரியாகின, சில இன்னும் சிதைந்தன.

மறுமொழி 1

அவை பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. பாமினிக்கு ஓர் அட்டவணை, 1999 இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் குறியாக்கங்களுக்குத் தனித்தனி அட்டவணை என வைத்துக்கொண்டு, எழுத்துருப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உரைத் துண்டில் இருப்பது பிடிஎஃப்.ஜேஎஸ் வைத்த உள்பெயர் மட்டுமே. உண்மைப் பெயரைப் பக்கத்தின் பொதுப் பொருள் தொகுப்பிலிருந்து, பக்கம் வரைந்து முடிந்தபின் எடுங்கள். அந்தப் பெயருக்கு முன்னால் ஆறு பெரிய எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டியிருந்தால், எழுத்துருவின் ஒரு பகுதியை மட்டும் கோப்பில் பொதிந்திருக்கிறார்கள் என்று பொருள். அதை வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள். மாற்றியபின் கிடைப்பதும் காட்சி வரிசையிலேயே இருக்கும் என்பதால், கொம்பு தள்ளும் வேலையை அதன் பிறகே ஓடவிடுங்கள். ஔகாரக் குறியின் வலப்பாதிக்கு ளகரத்தையே பயன்படுத்திய எழுத்துருக்களில் "கௌ" எது, "கெள" எது என்று நீட்சியால் பிரித்தறிய முடியாது. தேடுகோவையில் இரண்டையும் ஏற்றுக்கொள்ளச் செய்துவிட்டு மேலே செல்லுங்கள்.