வில்லுப்பாட்டில் குடத்தின் பணி என்ன?

கேள்வி:
நெல்லை, குமரிப் பகுதிகளின் கோயில் கொடை விழாக்களில் பாடப்படும் வில்லுப்பாட்டில், வில்லோடு மண்குடம் ஒன்றும் இருக்கக் காண்கிறோம். அது வில்லைத் தாங்குவதற்கு மட்டுமா, அல்லது தனி இசைக்கருவியா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இரண்டும்தான். வில் குடத்தின் கழுத்தோடு பொருத்தப்படுவதால், மணிகள் கோத்த வில்லின் நாணைப் புலவர் (முதன்மைப் பாடகர்) வீசுகோலால் அடிக்கும்போது எழும் அதிர்வு குடத்திற்குள்ளும் ஒலிக்கிறது. அதோடு, குடம் அடிப்பவர் அதன் வாயைப் பட்டை எனும் தட்டையான மட்டையால் தட்டி எழுப்பும் கனத்த ஓசையே பாட்டின் அடித்தாளமாக நிற்கிறது. உடுக்கை, தாளம் (ஜால்ரா), மரக்கட்டை ஆகியவற்றின் ஓசைகள் அதன்மேல்தான் ஏறுகின்றன.

மறுமொழி 2:
கொடை விழாவில் இக்கருவிகள் வெறும் பக்கவாத்தியங்கள் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாட்டார் தெய்வங்களான சுடலைமாடனின் கதையோ முத்துப்பட்டனின் கதையோ உச்சத்தை நெருங்கும்போது உடுக்கையின் வேகம் கூடி, சாமியாடி அருள் வந்து ஆடத் தொடங்குவார். ஒலிபெருக்கியும் ஆர்மோனியமும் சேர்ந்த மேடை நிகழ்ச்சிகளில் அந்த வேகத்தை நான் கேட்டதில்லை.

மறுமொழி 3:
மேடையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம், ஐயா. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லில் பாடியதும், 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுப்பு ஆறுமுகம் சென்னையில் இருந்தபடி இக்கலையை வளர்த்ததும் இல்லையெனில், தென்மாவட்டங்களுக்கு வெளியே பலர் இதைக் கேட்டே இருக்கமாட்டார்கள்.