உருளை பாதி திரும்பி நிற்கிறது, அடுத்து என்ன?

கேள்வி
சாவி இல்லாமல் பூட்டுத் திறக்கப் பழகுகிறேன். சாதாரண பின் பூட்டுகள் (சாவியோடு திரும்பும் உருளையைச் சின்னச் சின்ன ஊசிகள், அதாவது பின்கள், தடுத்து நிற்பவை) இப்போது சுலபமாகத் திறந்துவிடுகின்றன. சரி, கொஞ்சம் கடினமானதைப் பார்க்கலாம் என்று மாஸ்டர் லாக் 140 பூட்டு வாங்கினேன். எல்லாப் பின்னும் அமர்ந்த மாதிரி உருளை லேசாகத் திரும்பி, அங்கேயே நின்றுவிடுகிறது. அழுத்தினாலும் அசையவில்லை.

பதில் 1
நல்ல அறிகுறிதான் அது! உள்ளே ஸ்பூல் பின் இருக்கிறது. நூல்கண்டு மாதிரி நடுவில் ஒடுங்கியிருக்கும். அந்த இடுப்பு விளிம்பில் மாட்டியதால்தான் பாதித் திருப்பம். அழுத்தத்தைக் கூட்டாமல் குறையுங்கள். ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். ஸ்பூலைத் தள்ளும்போது மட்டும் டென்ஷன் கம்பி (உருளையைத் திருப்பப் பிடித்திருக்கும் கம்பி) விரலை எதிர்ப்பக்கம் தள்ளும். விட்டுக்கொடுங்கள், முழுசாக விட்டுவிடாமல். ஏற்கெனவே அமர்ந்த ஒரு பின் கீழே விழலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

பதில் 2
டென்ஷன் கம்பியைச் சாவித்துளையின் மேல் விளிம்பில் வையுங்கள், பின்களைத் தள்ளும் பிக் நுழைய இடம் கிடைக்கும். உள்ளே தெரியும் கண்ணாடிப் பூட்டு எனக்குப் பிடிக்காது, கை கற்பதற்குள் கண் முந்திக்கொள்ளும். பின் மாற்றக்கூடிய பயிற்சி உருளையில் ஒரே ஒரு ஸ்பூலைப் போட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி கேட்டவர்
விரலைத் தள்ளியது, திறந்தும்விட்டது! அடுத்து அமெரிக்கன் லாக் 1100 சரியா?

பதில் 1
கொஞ்சம் பொறுங்கள். அதில் செரேட்டட் பின்களும் (பக்கவாட்டில் பள்ளங்கள் வெட்டியவை) உண்டு; ஒவ்வொரு பள்ளத்திலும் ‘க்ளிக்’ என்று ஏமாற்றும். அப்புறம், வாசல் பூட்டில் பழகாதீர்கள், உள்ளே ஒரு பின் கெட்டுப்போனால் நீங்களே வெளியே நிற்க வேண்டியிருக்கும்.