புதுப்பிப்பு: ஹொரைசன் விவகாரம் எங்கே நிற்கிறது?

2024 ஜனவரியில், இந்த விவகாரத்தை வைத்து பிரிட்டனின் ஐடிவி சேனல் எடுத்த தொடரைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் எழுதியிருந்தேன். ஜப்பான் கம்பெனி ஃபுஜிட்சு அஞ்சலகங்களுக்குக் கொடுத்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கணக்கைத் தப்பாகக் காட்டியதால், பிரிட்டனில் கிளை அஞ்சலகம் நடத்திய 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்ட கதை. அப்புறம் என்ன ஆச்சு என்று சிலர் கேட்டதால் இது.

அந்த மே மாதமே தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். 2025 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி சர் வின் வில்லியம்ஸின் விசாரணை அறிக்கை, முதல் பாகம் வெளியானது. குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது. அதைப் படித்த பிறகு நஷ்டஈட்டுப் பக்கங்கள் மண்டையில் ஏறவில்லை.

என்னை விடாமல் துரத்துவது ஜோ ஹாமில்டன் விஷயம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்துக் கடைக்காரர்; கடையிலேயே கிளை அஞ்சலகமும் நடத்தினார். கணக்கில் 2,000 பவுண்டு சொச்சம் துண்டு விழுகிறதே என்று அஞ்சல் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அவர்கள் சொன்னபடி பட்டன்களைத் தட்டத் தட்ட, கண்ணெதிரே தொகை இரண்டு மடங்கானது. உன் கைக்காசைப் போட்டுக் கட்டு என்றார்கள். கிளை நடத்துபவர்தான் துண்டு விழுந்ததை ஈடுகட்ட வேண்டுமாம், ஒப்பந்தம் அப்படி!

கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றம் முதலில் நம்பிக்கொள்ளும் விதி இங்கிலாந்தில் உண்டு. தப்பு என்று காட்டுவது குற்றம்சாட்டப்பட்டவர் பாடு. கடைக்காரர் எங்கே போய் மென்பொருளைப் பிரித்துப் பார்ப்பார்? எனக்கு இதுதான் மூலகாரணமாகப் படுகிறது; அறிக்கை வந்தபோதும் அந்த விதி அப்படியேதான் இருந்தது.

அஞ்சல் நிறுவனத்திலும் ஃபுஜிட்சுவிலும் மேலிடத்தில் இருந்தவர்கள் பற்றிப் போலீஸ் விசாரணை தனியாக நடக்கிறது. வழக்கு நீதிமன்றம் ஏற இன்னும் சில வருஷம் ஆகுமாம்.