அக்குள்ல திரும்பத் திரும்ப வர்ற சீழ்க்கட்டி, டல்லாஸ் பக்கம் இருக்குறவங்க உதவி பண்ணுங்க

வீட்டுக்காரருக்கு 41 வயசு, இடது அக்குள்ல அஞ்சு மாசத்துல மூணாவது தடவையா சீழ்க்கட்டி. அவர் வேலை போனதுல இன்சூரன்ஸும் போச்சு, கோப்ரா (வேலை போனாலும் பழைய இன்சூரன்ஸ நாமளே பணம் கட்டித் தொடர்றது) கட்ட முடியாம டைரக்ட் பிரைமரி கேர்ங்கிற குடும்ப டாக்டர் மெம்பர்ஷிப்ல சேர்ந்தோம், மாசம் ஒரு தொகை கட்டுனா போதும், போட்டோ எடுத்து மெசேஜ் போட்டா டாக்டரே பதில் போடுவாங்க, அது உண்மையிலேயே பெரிய ஆறுதல்.

முதல் ரெண்டு தடவை கிளினிக்லயே மரத்துப்போக ஊசி போட்டு கீறி சீழ எடுத்தாங்க. உள்ள வச்ச காஸ் துணிய ரெண்டு நாள் கழிச்சு உருவுறப்ப மனுசன் துண்டக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, பாக்க முடியல. சீழ கல்ச்சர் டெஸ்ட் பண்ணதுல எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமி) வந்துச்சு, பாக்ட்ரிம் ஆன்டிபயாட்டிக் 7 நாள், கிருமி கொல்ற குளோர்ஹெக்சிடின் போட்டு குளியல், மூக்குக்குள்ள மியூபிரோசின் களிம்பு 5 நாள், வெந்நீர் ஒத்தடம், டவல் ரேசர் எல்லாம் தனியா, ஒண்ணையும் விடல. சுகர் நார்மல், ஏ1சி 5.4.

இப்ப அதே எடத்துல நெல்லிக்கா அளவுக்கு இருக்கு, சிவப்பு பரவுதான்னு பேனாவால சுத்தி கோடு போட்டு வச்சிருக்கோம், காய்ச்சல் இல்ல. இது வெறும் கிருமி இல்ல, ஹைட்ராடினைட்டிஸா (அக்குள் மாதிரி எடத்துல கட்டி திரும்பத் திரும்ப வர்ற நாள்பட்ட தோல் நோய்) இருக்கலாம், ஸ்கின் டாக்டர பாருங்கன்னு எங்க கிளினிக் டாக்டர் சொல்லிட்டாங்க. ஆனா மெம்பர்ஷிப்ல ஸ்பெஷலிஸ்ட் செலவு வராது. நாலு எடத்துக்கு போன் பண்ணேன், இன்சூரன்ஸ் இல்லன்னதும் ரெண்டு பேர் அப்பாயின்ட்மென்ட்டே தரல, மத்த ரெண்டு பேர் ரேட் சொல்லல.

ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் பக்கம் இன்சூரன்ஸ் இல்லாம கேஷ்ல பாக்குற ஸ்கின் டாக்டர் யார்கிட்டயாவது நீங்க போயிருக்கீங்களா, முதல் விசிட்டுக்கு எவ்ளோ ஆச்சு?